வீட்டில் இருக்கும் செடிகளை வைத்துப் புது ஜெரேனியம் ரகம் உருவாக்க முடியுமா?

கேள்வி: "நாலைந்து நிறங்களில் ஜெரேனியம் வளர்க்கிறேன். பாத்தியிலும் தொட்டியிலும் நன்றாக வரக்கூடிய புது ரகம் ஒன்றை நானே உருவாக்க முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

முடியும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கூர்மையான சாமணம் ஒன்று, நூல், பெயரட்டைகள், நிறைய சின்னத் தொட்டிகள் போதும். அதோடு, நன்றாக இருக்கும் செடியையும் தூக்கிப் போடும் மனசு வேண்டும். பலர் தடுக்கி விழுவது அந்தக் கடைசி விஷயத்தில்தான்.

பல வருடமாக இதைப் பொழுதுபோக்காகச் செய்துவருகிறேன். சாமணத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிடச் சொல்வேன்: உங்கள் ரகம் விதையில் பெருகப் போகிறதா, கட்டிங்கில் பெருகப் போகிறதா? மற்ற எல்லா முடிவும் இதைப் பொறுத்தது.

விதை ரகம் என்றால் ஒரு பொட்டலத்தில் உள்ள எல்லா விதையும் ஒரே மாதிரி செடியாக வர வேண்டும். அதற்குப் பெற்றோர் வரிசைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தன்மகரந்தச் சேர்க்கை (ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடிக்குச் சேர்ப்பது) செய்து தூய்மைப்படுத்த வேண்டும். பிறகு அந்த வரிசைகளைக் கெடாமல் காப்பாற்றி, ஒவ்வொரு ஆண்டும் கையாலேயே கலந்து விதை எடுக்க வேண்டும். 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 'நிட்டனி லயன் ரெட்' என்ற சிவப்பு ரகம் வந்த பிறகுதான் விதை ஜெரேனியம் ஒரு வியாபாரமாகவே சூடுபிடித்தது. அதுவரை கட்டிங்தான் ராஜா. தனி ஆள் இறங்குகிற வேலை இல்லை இது.

கட்டிங் ரகத்துக்கு ஒரே ஒரு நல்ல செடி கிடைத்தால் போதும். அதன் மரபணு எவ்வளவு கலப்படமாக இருந்தாலும் கவலையில்லை. ஒடித்து நட்ட ஒவ்வொரு தண்டும் அதே செடிதான். அது மலடாக இருந்தால்கூட நல்லதே. விதை கட்டாத செடி தொடர்ந்து பூக்கும், இதழையும் சீக்கிரம் உதிர்க்காது. அதனால் கட்டிங் வழியைத்தான் சொல்வேன். இனி எழுதுவதெல்லாம் அந்த வழிக்கானது.

செடி விஷயத்துக்கு வருவோம். தொட்டியில் நாம் வளர்க்கும் 'ஜெரேனியம்' தாவரவியல்படி பெலார்கோனியம். தாவரங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இரண்டையும் ஒரே பேரினத்தில் போட்டார். 1789-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே பிரித்துவிட்டார். வியாபாரத்தில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. உண்மையான ஜெரேனியம் பனியைத் தாங்கும் வேறு செடி. நீல ஊதாப் பூவுக்குப் பேர்போன 'ரோசான்' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இரண்டையும் கலந்து நீலப் பெலார்கோனியம் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவை சேராது.

பெலார்கோனியத்திலும் மூன்று பெரிய கூட்டம் உண்டு. இலையில் கரு வளையம் ஓடும் சோனல், பளபளப்பான இலையோடு படர்ந்து தொங்கும் ஐவி, பெரிய பூ விடும் ரீகல். சோனலுக்குள் சோனலைக் கலப்பது சுலபம். சோனலையும் ஐவியையும் கலக்கலாம், கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கலையோபி, கலியென்டே என்று சந்தையில் இருக்கும் வரிசைகள் அப்படி வந்தவைதான். பாத்தி, தொட்டி இரண்டுக்கும் பொருந்தும் செடி வேண்டும் என்கிற உங்கள் ஆசைக்கு இந்தச் சோனல்–ஐவி கலப்புதான் மிகவும் பொருத்தம். சோனலின் நிமிர்ந்த கட்டும் ஐவியின் வெயில் தாங்கும் குணமும் ஒரே செடியில் சேர வாய்ப்பு இருக்கிறது. ரீகலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதன் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு, மொட்டு கட்டக் குளிரும் கேட்கும்.

குரோமோசோம் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். விதையில் வரும் சோனல்கள் பெரும்பாலும் இருமடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டு, மொத்தம் 18. கட்டிங்கில் விற்கும் சோனல்களில் பல நான்மடியம், அதாவது தொகுதி நான்கு, மொத்தம் 36. நான்மடியத்துக்கு இலை தடிப்பாகவும் பூ பெரிதாகவும் இருக்கும். நுண்ணோக்கி இருந்தால் மகரந்தத் துகளின் அளவிலேயே வித்தியாசம் தெரியும். 18-ஐயும் 36-ஐயும் கலந்தால் விதை குறையும், பிறப்பதும் பெரும்பாலும் மலடு. அந்த மலட்டுச் செடியே நல்ல செடியாக இருந்தால் சரி, ஆனால் அதை வைத்து அடுத்த தலைமுறைக்குப் போக முடியாது.

நீங்கள் தேடும் குணம் ஒடுங்கு பண்பாக (தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் குணமாக) இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. இருமடியத்தில் முதல் தலைமுறையைத் தனக்குத்தானே சேர்த்தால் நாலில் ஒரு நாற்றில் அந்தக் குணம் வெளிப்படும். நான்மடியத்தில் 36-இல் ஒன்றுதான். 95 சதவீத நம்பிக்கையோடு அந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், முதலாவதற்கு 11 நாற்று போதும், இரண்டாவதற்கு நூற்றுக்கு மேல் வளர்க்க வேண்டும். மூன்று ஒடுங்கு பண்புகளை ஒரே செடியில் சேர்க்க நினைத்தால் இருமடியத்திலேயே 64-இல் ஒன்று. கிட்டத்தட்ட 190 நாற்று. இடம் குறைவாக இருந்தால் ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு குணத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

இனி கலக்கும் வேலை. ஜெரேனியம் பூ நமக்கு வசதி செய்து வைத்திருக்கிறது. மகரந்தம் முதலில் பக்குவமாகும், மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி அதற்குப் பிறகுதான் தயாராகும். தாய்ச்செடியில் நாளை விரியப்போகிற மொட்டைப் பிடித்து, இதழை மெல்ல விலக்கி, மகரந்தப்பைகளைச் சாமணத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். அதே கொத்தில் மற்ற பூக்களையும் மொட்டுகளையும் வெட்டிவிடுங்கள். மெல்லிய துணிப்பையால் மூடி வையுங்கள். ஓரிரு நாளில் சூலகமுடி ஐந்து கைகளாகப் பிரிந்து வெளிப்பக்கம் சுருளும். அதுதான் நேரம். தந்தைச்செடியில் அப்போதுதான் வெடித்த மகரந்தப்பையைக் கொண்டுவந்து அந்த ஐந்து கைகளிலும் தடவுங்கள். தூரிகையைவிட மகரந்தப்பையையே சாமணத்தில் பிடித்துத் தேய்ப்பது எனக்குப் பிடிக்கும்; ஒரு செடியின் தூள் இன்னொன்றில் கலக்கும் பயமில்லை.

ஒற்றை அடுக்குப் பூ என்றால் மகரந்தம் பட்ட சில மணி நேரத்தில் இதழ் உதிரத் தொடங்கிவிடும். பயப்படாதீர்கள். செடிக்குள் சுரக்கும் எத்திலீன் வாயு செய்யும் வேலை அது, மகரந்தம் சேர்ந்ததற்கு அடையாளமும்கூட. சில நாளில் நடுவே ஒரு மூக்கு நீள ஆரம்பித்தால் விதை பிடித்திருக்கிறது. முற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். முற்றியதும் அடியிலிருந்து ஐந்து துண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் பஞ்சு வால் விரித்துப் பறந்துவிடும். அதனால் மூக்கு பழுப்பாவதற்கு முன்பே சின்னப் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஒரு பூவுக்கு அதிகபட்சம் ஐந்து விதை. நூறு நாற்று வேண்டுமானால் எத்தனை பூவைக் கலக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, 22–24 டிகிரி செல்சியஸ் சூட்டில் விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் பூ.

முதல் பூவைப் பார்த்ததும் மனசு குதிக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். நாற்றின் முதல் கொத்து பொய் சொல்லும், நல்லதாகவும் கெட்டதாகவும். மூன்றாவது கொத்து வரை நிறத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். என்னைக் கேட்டால், நிறத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். சிவப்பு, சால்மன், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. சுத்த நீலம் கிடையாது. நல்ல மஞ்சளும் இல்லை, வெளிர் பாலேட்டு மஞ்சள் வரைதான் வந்திருக்கிறார்கள். இன்னொரு சிவப்பை யாரும் நிறத்துக்காக வாங்கப் போவதில்லை. கிள்ளாமலே பக்கக் கிளை விடுகிறதா, கணுவுக்குக் கணு இடைவெளி எவ்வளவு, காம்பு கொத்தைத் தாங்கி நிற்கிறதா, வாடிய பூ தானாக உதிர்கிறதா அல்லது பழுப்பாகத் தொங்குகிறதா, மழைக்குப் பிறகு கொத்து அழுகுகிறதா, கடும் வெயிலில் பூ நின்றுபோகிறதா? ரகத்தைத் தீர்மானிப்பது இவைதான்.

பாத்தியும் தொட்டியும் வேறு வேறு பரீட்சை. பாத்தியில் வேர் தாராளமாக ஓடுவதால் சில செடிகள் இலையாகவே வளர்ந்து பூவை மறந்துவிடும். அதே செடி தொட்டியில் வேர் நெருங்கியதும் அழகாகப் பூக்கும். தொட்டியில் மண் சூடேறும், சீக்கிரம் காயும். ஒரு நேரம் தண்ணீர் தவறினால் அடி இலை மஞ்சளாகிறதா என்று அங்கேதான் தெரியும். ஆகவே தேறிய ஒவ்வொரு நாற்றிலிருந்தும் கட்டிங் எடுத்து இரண்டு இடத்திலும் வையுங்கள். பக்கத்திலேயே கடையில் கிடைக்கும் நல்ல ரகம் ஒன்றையும் நட்டுவிடுங்கள். அது இல்லாமல் ஒப்பிட்டால், நாம் பெற்ற பிள்ளை எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

கட்டிங் எவ்வளவு சுலபமாக வேர் விடுகிறது என்பதும் ஒரு மதிப்பெண். எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும், பத்துக்கு நாலு கட்டிங்தான் பிடிக்கிறது என்றால் அதை ஒதுக்கிவிடுவேன். பிறகு கட்டிங்கிலிருந்து கட்டிங், அதிலிருந்து இன்னொரு கட்டிங் என்று சில சுற்று போய்ப் பாருங்கள். நிறமும் உயரமும் மாறாமல் நிற்க வேண்டும்.

இந்த நிலைத்தன்மை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. செடியில் ஏதோ ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூத்தால், அல்லது இலை ஓரம் வெளுத்தால், அதை ஒடித்து நட்டுப் புது ரகம் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். சந்தையில் உள்ள பல ரகங்கள் அப்படி வந்தவைதான். ஆனால் அந்த மாற்றம் தண்டின் ஓர் அடுக்கில் மட்டும் இருக்கலாம். அடுக்கு புரண்டால் பழைய முகம் திரும்பிவிடும். விதை மூலம் அதைப் பிடிக்க நினைத்தால் இன்னும் வேடிக்கை. வெள்ளை ஓர இலைச் செடிகளைக் கலந்து பார்த்த ஜெர்மன் மரபியலாளர் எர்வின் பாவுர், 1909-இல், அந்த வெண்மை மெண்டல் விதிப்படி (மேலே சொன்ன நாலில் ஒன்று போன்ற கணக்குப்படி) இறங்குவதில்லை என்று காட்டினார். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகங்கள் பெரும்பாலான செடிகளில் தாய் வழியாக மட்டும் வரும். பெலார்கோனியத்தில் தந்தை வழியாகவும் வருகின்றன. அதனால் ஒரே கலப்பில் பச்சை, வெள்ளை, இரண்டும் கலந்தது என மூன்று விதமாகவும் நாற்று வரும். முழு வெள்ளை நாற்று சில நாளில் செத்துவிடும், அது உங்கள் பராமரிப்புக் குறை இல்லை.

நோய் பற்றிச் சுருக்கமாக. சான்தோமோனாஸ் பாக்டீரியா வாடல் கத்தி வழியாகவும் இலையில் தெறிக்கும் தண்ணீர் வழியாகவும் பரவும். மருந்து கிடையாது, செடியை எரிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு செடிக்கும் கத்தியைச் சாராயக் கரைசலில் முக்குங்கள், மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். இது சின்ன விஷயம் இல்லை: 2020-இல் குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஜெரேனியம் கட்டிங்கில் ரால்ஸ்டோனியா என்ற இன்னொரு பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டு, பசுமைக்குடில்களில் செடிகளை அழிக்க வேண்டி வந்தது. உங்கள் ஒரே ஒரு நல்ல செடியை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இரண்டு பிரதியாவது வேறு இடத்தில் இருக்கட்டும்.

விற்கும் எண்ணம் இருந்தால் உரிமை விவகாரத்தையும் முன்கூட்டியே பாருங்கள். யூபோவ் (UPOV) என்ற சர்வதேசத் தாவர ரகப் பாதுகாப்பு முறையைப் பின்பற்றும் நாடுகளில், பாதுகாக்கப்பட்ட ரகத்தைக் கலப்புக்குப் பெற்றோராகப் பயன்படுத்தத் தடை இல்லை. ஆனால் அதன் கிளை மாற்றத்தை ஒடித்து உங்கள் ரகம் என்று விற்றால் மூல ரகத்துக்காரர் உரிமை கோர இடமுண்டு. பதிவுக்குத் தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை மூன்றையும் சோதிப்பார்கள். ரகம் புதியதாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாட்டில் ஓராண்டுக்கு மேல் விற்றிருந்தால் வாய்ப்பு போய்விடும். நண்பர்களுக்குக் கட்டிங் விற்கத் தொடங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

பெயர் வைக்க அவசரமில்லை. லத்தீன் மாதிரி பெயர் மட்டும் வேண்டாம். 1959-க்குப் பிறகு வரும் ரகங்களுக்கு அது செல்லாது. தேறும் வரை எண் போதும். அட்டையில் தாய்ச்செடியை முதலில் எழுதி, பெருக்கல் குறி போட்டு, தந்தைச்செடி, கலந்த ஆண்டு, நாற்று எண் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வெயிலில் ஒரு பருவத்திலேயே வெளுத்துவிடும்.