கடற்கரை இல்லாத மாகாணத்தின் விழா

கேள்வி: கப்பலில் பணிபுரியும் என் மகனுடைய பிலிப்பைன்ஸ் நண்பர், தம் மாகாணத்துக் ‘காமுலான்’ விழாவைப் பற்றி அடிக்கடி பேசுவாராம். அது என்ன விழா?
– வாசகி ஒருவர், கீழக்கரை.

பதில்: மிண்டனாவோ தீவிலுள்ள புகிட்னோன் மாகாணத்தின் தலைநகரான மலாய்பலாயில் ஆண்டுதோறும் நடைபெறும் இவ்விழாவின் பெயர், ஒன்றுகூடுதலைக் குறிக்கும் ‘அமுல்’ என்னும் பினுகிட் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. தலைவனுக்குப் பட்டம் சூட்டுதல், திருமணம், அறுவடைக்கு நன்றி செலுத்துதல், பகை தீர்த்துச் சமாதானம் செய்தல் என எதற்காகக் கூடினாலும் அது காமுலான்தான். புகிட்னோன், ஹிகாவுனோன், தலாஅண்டிக், மனோபோ உள்ளிட்ட ஏழு பழங்குடியினரும் தத்தம் மரபுடையணிந்து, சடங்கும் ஆடலும் இசையுமாகத் திரள்கின்றனர். ஏர்வாடிச் சந்தனக்கூட்டில் பல சமயத்தாரும் கூடுவதைக் கண்ட தங்களுக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேடிக்கை: கடலோடியான அந்த நண்பரின் மாகாணம், கடற்கரையே இல்லாத மேட்டுநிலம்!