எக்ஸ்264 கண்ணெதிரே இருந்தும் ‘கிடைக்கவில்லை’ என்பது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் ராஸ்பெரி பை 3 போர்டு உள்ளது. அதில் இணைத்த கேமராவின் காட்சியை எச்.264 வடிவில் பதிவு செய்வதற்காக, அவ்வடிவில் வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 லைப்ரரியுடன் கூடிய எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளை உபுண்டு 22.04 உள்ள என் மடிக்கணினியிலேயே கிராஸ் கம்பைல் (ஒரு வகைச் செயலிக்கான நிரலை வேறு வகைச் செயலியுள்ள கணினியில் உருவாக்குவது) செய்ய முயல்கிறேன். எக்ஸ்264 எந்தப் பிழையும் இன்றி முடிந்துவிட்டது. எஃப்எஃப்எம்பெக்கை கம்பைலுக்கு ஆயத்தப்படுத்தும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் மட்டும் ‘எக்ஸ்264 கிடைக்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. லைப்ரரிக் கோப்பும் ஹெடர் கோப்பும் நான் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. பிகேஜி-கான்ஃபிக்-பாத் மாறியிலும் அந்த இடத்தைக் கொடுத்துவிட்டேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
– பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: திரையில் கடைசியாக வரும் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி எதையும் மாற்றாதீர்கள். கான்ஃபிகர் ஒரு லைப்ரரியைத் தேடுவது என்பது கோப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதன்று. முதலில், லைப்ரரிகளின் இடத்தை அவற்றின் விவரக் கோப்புகளிலிருந்து படித்துச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் அந்த லைப்ரரியைப் பற்றிக் கேட்கிறது. பிறகு எக்ஸ்264-இன் ஒரு செயற்கூற்றை அழைக்கும் சிறு சி நிரலைத் தானே எழுதி, அதை கம்பைல் செய்து, லைப்ரரியுடன் லிங்க்கும் (இணைப்பும்) செய்து பார்க்கிறது. இந்த வரிசையில் எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் தடுக்கினாலும் அது சொல்லும் சொல் ஒன்றுதான்: கிடைக்கவில்லை. உண்மைக் காரணம் எஃப்எஃப்பில்ட் கோப்புறைக்குள் இருக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பின் கடைசிப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பைத் திறந்து அடியிலிருந்து மேலாகப் படியுங்கள்.

அங்கே நீங்கள் காணக்கூடியவற்றுள் முதன்மையானது, ‘ஆர்ம்-லினக்ஸ்-க்னுஎபிஹெச்எஃப்-பிகேஜி-கான்ஃபிக் கிடைக்கவில்லை, லைப்ரரிகளைக் கண்டறிவது தவறிப்போகலாம்’ என்ற பொருளுடைய எச்சரிக்கை. கிராஸ்-பிரிஃபிக்ஸ் விருப்பத்தில் நீங்கள் கொடுக்கும் முன்னொட்டை எஃப்எஃப்எம்பெக் கம்பைலருக்கு மட்டுமல்லாமல் பிகேஜி-கான்ஃபிக்கிற்கும் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பெயரில் ஒரு நிரல் உங்கள் கணினியில் இல்லையென்றால், பிகேஜி-கான்ஃபிக்கே இல்லை என்று முடிவு செய்து மேலே போய்விடுகிறது. நீங்கள் பாத் மாறியில் எதைக் கொடுத்திருந்தாலும் அதைப் படிக்க ஆளே இல்லாத நிலை இது. கான்ஃபிகருக்குக் கொடுக்கும் விருப்பங்களில் ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்பதற்கு நேராக முன்னொட்டில்லாத சாதாரணப் பெயரையே எழுதிவிட்டால் இந்தத் தடை நீங்கும்.

நீங்கியவுடன் அடுத்தது வரும். பாத் மாறி நீங்கள் சொல்லும் இடத்தைத் தேடும் பட்டியலில் கூடுதலாகச் சேர்க்கிறதே தவிர, மடிக்கணினியின் சொந்த இடங்களை நீக்குவதில்லை. ஆகவே பை போர்டின் செயலி வகையான ஆர்முக்கான விவரக் கோப்பு இல்லாத லைப்ரரிகளுக்கெல்லாம் இன்டெல் கணினிக்கான விவரக் கோப்பு சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளப்படும். பிகேஜி-கான்ஃபிக்-லிப்டிர் என்ற இன்னொரு மாறி இருக்கிறது. அது வழக்கமான இடங்களை விலக்கிவிட்டு, நீங்கள் சொன்ன இடத்தில் மட்டும் தேடச் செய்யும். கிராஸ் கம்பைல் வேலையில் பயன்படுத்த வேண்டியது அதையே. போர்டுக்கான லைப்ரரிகளை மடிக்கணினியில் வைத்திருக்கும் கோப்புறையே சிஸ்ரூட். அதைக் குறிக்கும் சிஸ்ரூட்-டிர் மாறியையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது விவரக் கோப்பில் உள்ள பாதைகளின் முன்னால் சிஸ்ரூட்டின் பாதையை ஒட்டும். எக்ஸ்264-ஐ கம்பைல் செய்தபோதே பிரிஃபிக்ஸாக (நிறுவும் இடமாக) சிஸ்ரூட்டின் முழுப் பாதையைக் கொடுத்திருந்தால், ஒரே பாதை இரண்டு முறை ஒட்டி, உலகில் எங்கும் இல்லாத ஒரு கோப்புறையைக் கம்பைலர் தேடிக்கொண்டிருக்கும். பிரிஃபிக்ஸாக போர்டில் அந்த லைப்ரரி இருக்கப்போகும் இடத்தை, அதாவது வெறும் யுஎஸ்ஆர் என்பதை, கொடுங்கள். நிறுவும்போது டெஸ்ட்டிர் மாறியின் மூலம் சிஸ்ரூட்டுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள்.

‘எக்ஸ்264 எந்தப் பிழையும் இன்றி முடிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிலேயே ஐயம் உண்டு. எக்ஸ்264-இன் கான்ஃபிகரில் ஹோஸ்ட், கிராஸ்-பிரிஃபிக்ஸ் இரண்டையும் விட்டுவிட்டாலும் அது ஒரு குறையும் சொல்லாமல் முடியும். என்ன, உங்கள் மடிக்கணினிக்கான லைப்ரரியாக முடியும். கம்பைல் செய்த கோப்பின் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியை எச் விருப்பத்துடன் அந்த லைப்ரரிக் கோப்பின் மீது இயக்கிப் பாருங்கள். ‘மெஷின்’ என்று தொடங்கும் வரிகளில் ஆர்ம் என்று வந்தால் சரி. ‘அட்வான்ஸ்டு மைக்ரோ டிவைசஸ் எக்ஸ்86-64’ என்று வந்தால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். (இன்டெல் கணினியிலும் அந்த வரி அப்படித்தான் வரும்; 64 பிட் கட்டமைப்பை வகுத்தது ஏஎம்டி என்பதால் அந்தப் பெயர்.) இப்படித் தவறாக உருவான லைப்ரரி இருக்கும்போது லாக் கோப்பில் ‘பொருந்தாததைத் தவிர்க்கிறேன்’ என்ற லிங்கரின் வரி ஒன்று தென்படும். கோப்பு கண்ணெதிரே இருந்தும் கிடைக்கவில்லை என்று சொல்லப்படுவதன் முழு விளக்கமும் அந்த வரியில் இருக்கிறது.

இரண்டு லைப்ரரிகளின் கான்ஃபிகர்களும் கையால் எழுதப்பட்ட ஷெல் ஸ்கிரிப்ட்கள். ஆட்டோகான்ஃப் உருவாக்கியவை அல்ல. எனவே ஒன்றின் விருப்பங்கள் எல்லாமே மற்றொன்றில் செல்லும் என்று சொல்ல முடியாது. எக்ஸ்264 ஹோஸ்ட் என்று கேட்பதை எஃப்எஃப்எம்பெக் ஆர்ச், டார்கெட்-ஓஎஸ், எனேபிள்-கிராஸ்-கம்பைல் என்று பிரித்துக் கேட்கும். எக்ஸ்264 ஜிபிஎல் உரிமத்தில் உள்ளதால் எனேபிள்-ஜிபிஎல் என்பதையும் கொடுத்தாக வேண்டும். பின்னாளில் எச்.265 வடிவுக்கான எக்ஸ்265-ஐயும் சேர்க்க நினைத்தால், அது சி++ மொழியில் எழுதப்பட்டது என்பதையும், ஸ்டேட்டிக்காக (லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்து) லிங்க் செய்யும்போது சி++ லைப்ரரியின் பெயர் அதன் விவரக் கோப்பில் தனிப்பட்ட பகுதியில்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிகேஜி-கான்ஃபிக்-ஃபிளாக்ஸ் விருப்பத்தில் ஸ்டேட்டிக் என்று கொடுத்தால்தான் அந்தப் பகுதி படிக்கப்படும்.

கேள்வி: கண்காணிப்புக் கேமராக்கள் நிறுவும் தொழில் செய்கிறேன். எஃப்எஃப்எம்பெக்கை கிராஸ் கம்பைல் செய்து ராஸ்பெரி பை 4 போர்டுக்கு நகலெடுத்தேன். எல்எஸ் கட்டளையில் கோப்பு தெரிகிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. ஆனால் இயக்கினால் ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்கிறது. இன்னொரு போர்டில் இயக்கியபோது ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று வேறு மாதிரி வந்தது. இரண்டிலும் இயக்கியது ஒரே பைனரிதான் (கம்பைல் செய்து கிடைத்த இயக்கக் கோப்பு).
– வாசகர் ஒருவர்

பதில்: முதல் போர்டு இல்லை என்று சொல்வது உங்கள் பைனரியை அன்று, அந்தப் பைனரியை நினைவகத்தில் ஏற்றி, அதற்குத் தேவையான லைப்ரரிகளைச் சேர்த்துவைக்கும் லோடரை. இயங்கும்போது லைப்ரரிகளைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு டைனமிக் பைனரிக்குள்ளும் தனக்கு எந்த லோடர் வேண்டும் என்ற பாதை எழுதப்பட்டிருக்கும். ரீட்எல்ஃபை எல் விருப்பத்துடன் இயக்கினால் ‘ரிக்வெஸ்டிங் புரோகிராம் இன்டர்பிரெட்டர்’ என்ற வரியில் அதைக் காணலாம். பெயரில் ‘ஆர்ம்ஹெச்எஃப்’ என்று இருந்தால் அது 32 பிட் ஹார்டு ஃப்ளோட் லோடர். அச்சொல் இல்லாமல் வெறும் எல்டி-லினக்ஸ் என்று இருந்தால் பழைய சாஃப்ட் ஃப்ளோட் வகை. ‘ஏஆர்ச்64’ என்று இருந்தால் 64 பிட். அந்தக் கோப்பு போர்டில் இல்லையென்றால் கெர்னல் தரும் விடை நீங்கள் பார்த்ததே.

உங்கள் கடிதத்தில் கம்பைலரின் பெயர் இல்லை. ஆனாலும் பை 4 என்பதால் ஓர் ஊகம் சொல்லலாம். 2023 முதல் 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் நிறுவியிருந்தாலும் பை 4 இயல்பாக 64 பிட் கெர்னலையே ஏற்றுகிறது. யுநேம் கட்டளையை எம் விருப்பத்துடன் இயக்குபவருக்கு ‘ஏஆர்ச்64’ என்ற விடை கிடைக்கும். அதை நம்பி 64 பிட் கம்பைலரை எடுத்துக்கொள்வார். ஆனால் அங்கே நிறுவப்பட்டுள்ள நிரல்களும் லைப்ரரிகளும் 32 பிட்டாகவே இருக்கும், லோடர் உட்பட. யுநேமைக் கேட்காதீர்கள். டிபிகேஜி கட்டளையிடம் பிரின்ட்-ஆர்க்கிடெக்சர் என்று கேளுங்கள்; ஆர்ம்ஹெச்எஃப் என்றோ ஆர்ம்64 என்றோ அது சொல்வதே கம்பைலரைத் தேர்ந்தெடுக்க உதவும் விடை.

இரண்டாவது போர்டில் லோடர் கிடைத்துவிட்டது. ஆனால் அதிலுள்ள ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் பதிப்பு பழையதாக இருக்கிறது. அந்தப் போர்டில் டெபியன் 11 வழி வந்த ஓஎஸ்ஸும், உங்கள் மடிக்கணினியில் உபுண்டு 22.04-உம் இருப்பதாக ஊகிக்கிறேன். டெபியன் 11-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. புதியதில் லிங்க் செய்ததைப் பழையதில் ஓட்ட முடியாது. பழையதில் லிங்க் செய்தது புதியதில் ஓடும். பிழையில் 2.35 வராமல் 2.34 என்று வருவதற்குக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் வெளியான 2.34 பதிப்பில்தான் த்ரெட்களுக்கும் டைனமிக் ஏற்றத்துக்கும் தனித்தனியாக இருந்த லைப்ரரிகள் சி லைப்ரரிக்குள்ளேயே சேர்க்கப்பட்டன. நிரல் தொடங்கும்போது அழைக்கப்படும் செயற்கூற்றுக்கும் புதிய பதிப்பெண் தரப்பட்டது. ஆதலால் வணக்கம் சொல்லும் மூன்று வரி நிரலைக் கம்பைல் செய்தாலும் பழைய போர்டில் இதே பிழைதான் வரும். எஃப்எஃப்எம்பெக்கில் குற்றம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிலர் போர்டின் சி லைப்ரரியைக் கையால் மாற்றி வைக்கச் சொல்வார்கள். அதைச் செய்தால் எல்எஸ் கட்டளைகூட ஓடாத போர்டு உங்களிடம் மிஞ்சும். போர்டின் லைப்ரரிகளை மடிக்கணினிக்கு நகலெடுத்து சிஸ்ரூட்டாகப் பயன்படுத்துவது முறையான வழி. ஆனால் அதிலும் இரண்டு பள்ளங்கள் உள்ளன. லைப்ரரிகளுக்கான சிம்பாலிக் லிங்க்குகள் சில ரூட்டிலிருந்து தொடங்கும் முழுப் பாதையாக இருக்கும். நகலெடுத்த பின் அவை உங்கள் மடிக்கணினியின் கோப்பையே சுட்டும், அல்லது எதையும் சுட்டாது. நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் காப்பி-அன்சேஃப்-லிங்க்ஸ் விருப்பத்தைக் கொடுத்தால் லிங்க்குக்குப் பதில் கோப்பே வந்து சேரும். அடுத்ததாக, உபுண்டுவின் தொகுப்பாக நிறுவிய கம்பைலர், சிஸ்ரூட் கொடுத்தாலும் தனக்கென வைத்திருக்கும் புதிய சி லைப்ரரியை எடுத்துக்கொள்ளக்கூடும். இந்தத் தொல்லையைத் தவிர்க்க நான் பரிந்துரைப்பது, மடிக்கணினியில் டெபியன் 11 கன்டெய்னர் (மடிக்கணினிக்குள்ளேயே தனித்து இயங்கும் சூழல்) ஒன்றைத் திறந்து, அதற்குள் டிபிகேஜி சொன்ன விடைக்கேற்ப கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்ஹெச்எஃப் அல்லது கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்64 தொகுப்பை நிறுவி, கம்பைல் முழுவதையும் அங்கேயே செய்வதுதான். அங்கு உள்ள சி லைப்ரரியும் 2.31 என்பதால் பதிப்பு மோதலுக்கே இடமில்லை.

கேள்வி: பை 3-இல் நன்றாக ஓடும் பைனரி பை ஜீரோவில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. செயலி வகையைச் சொல்லும் எம்ஆர்ச் விருப்பத்தில் ஆர்ம்வி6 கொடுத்தும் பயனில்லை.
– வாசகி ஒருவர்

பதில்: உங்களிடம் இருப்பது பழைய பை ஜீரோ அல்லது ஜீரோ டபிள்யூ என்று கொள்கிறேன், 2021-இல் வந்த ஜீரோ 2 டபிள்யூவில் பை 3-இன் வகைச் செயலியே உள்ளதால் இச்சிக்கல் வராது. பழைய ஜீரோவின் ஆர்ம்1176 செயலி ஆர்ம்வி6 வகை. அதில் ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் நியான் வசதி கிடையாது. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் ஆர்ம்ஹெச்எஃப் கம்பைலரோ ஆர்ம்வி7-ஐக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கொடுத்த எம்ஆர்ச் உங்கள் மூல நிரலுக்கு மட்டுமே செல்லும். நிரலின் தொடக்கத்தில் இணைக்கப்படும் சிறு ஆப்ஜெக்ட் கோப்புகளும், கம்பைலரின் துணை லைப்ரரியும் ஏற்கெனவே ஆர்ம்வி7-க்காகக் கம்பைல் செய்யப்பட்டு வந்தவை. அவற்றை எந்த விருப்பமும் மாற்றாது. எனவே மெயின் செயற்கூறை எட்டுவதற்கு முன்பே நிரல் விழக்கூடும். ஆர்ம்வி6-க்காகவே உருவாக்கப்பட்ட டூல்செயின் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும்) வேண்டும். சிறு போர்டுகளுக்கான லினக்ஸை உருவாக்கித் தரும் பில்ட்ரூட்டில் பை ஜீரோவுக்கென ஆயத்த அமைப்புக் கோப்பு இருக்கிறது. அதில் எஃப்எஃப்எம்பெக்கையும் தேர்ந்தெடுத்தால், டூல்செயினையும் தானே உருவாக்கி எஃப்எஃப்எம்பெக்கையும் அதைக் கொண்டே கம்பைல் செய்து தரும். போர்டுக்கு அனுப்புமுன் மடிக்கணினியிலேயே சோதிக்க விரும்பினால், ஆர்ம் செயலிபோல நடிக்கும் கியூஎமு-ஆர்மை சிபியு விருப்பத்தில் ஆர்ம்1176 என்று குறிப்பிட்டு இயக்குங்கள். அதைக் குறிப்பிடாமல் இயக்கினால் கியூஎமு தனக்குத் தெரிந்த எல்லா வசதிகளும் உள்ள செயலியாக நடித்து, ஓடாத பைனரியையும் ஓட்டிக் காட்டிவிடும்.

கேள்வி: ஒரே ஒரு பை 5 போர்டுக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா?
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: வேண்டாம். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் களஞ்சியத்தில் உள்ள எஃப்எஃப்எம்பெக் தொகுப்பு எக்ஸ்264 சேர்த்தே வருகிறது. ஏபிடி மூலம் நிறுவிக்கொண்டால் போதும். களஞ்சியத்தில் இல்லாத ஏதேனும் வசதி தேவைப்பட்டால் போர்டிலேயே கம்பைல் செய்யலாம். பை 5 அதற்குத் தாங்கும். பல போர்டுகளுக்கு ஒரே பைனரியை அனுப்புபவர்களுக்கும், பை ஜீரோ போன்ற சிறிய போர்டு வைத்திருப்பவர்களுக்கும்தான் கிராஸ் கம்பைல் பயன் தரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: பை 4 வரையிலான போர்டுகளில் இருந்த எச்.264 வன்பொருள் என்கோடர் பை 5-இல் இல்லை. பழைய குறிப்புகளில் காணப்படும் எச்264-வி4எல்2எம்2எம் என்கோடரை அங்கே தேடினால் எந்தக் கம்பைல் விருப்பத்தாலும் அது கிடைக்காது. எக்ஸ்264 மூலம் செயலியைக் கொண்டே என்கோடு செய்ய வேண்டும்.