வண்டி கேள்வி–பதில்: பாக்ஸ் கேட்பதை பம்ப் கொடுக்க வேண்டும்

கேள்வி: எங்கள் ஐயா 1951-இல் வாங்கிய செவர்லே 3100 பிக்கப் இன்னும் எங்களிடம் இருக்கிறது. பல வருடம் பின்கட்டுக் கொட்டகையில் கிடந்ததைச் சரிசெய்து இப்போது ஓட்டுகிறோம். ஸ்டீயரிங் கல் மாதிரி இருந்ததால், மதுரையில் ஒரு காயலான் கடையில் பெரிய ஜீப் ரக வண்டியின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸும், வேறொரு கடையில் சின்னக் கார் ஒன்றின் பம்பும் வாங்கிப் பட்டறையில் மாட்டிவிட்டோம். ரோட்டில் பரவாயில்லை. வீட்டு வாசலில் நின்றபடி வேகமாகத் திருப்பினால் பாதியில் பிடித்துக்கொள்கிறது, பம்ப் ஊளையிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிடுகிறது. பட்டறைக்காரர் பாக்ஸ் கெட்டது என்கிறார், கடைக்காரர் பட்டறைக்காரருக்கு மாட்டத் தெரியவில்லை என்கிறார். யாரை நம்புவது? (ஒரு வாசகர், பள்ளத்தூர்)

பதில்: இரண்டு பேரையும் கொஞ்ச நாள் சும்மா இருக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: மிதித்தால் சரியாகிறது. பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, பாக்ஸ் அந்த ஆயிலின் பலத்தால் சக்கரத்தைத் திருப்புகிறது. அப்படியானால் பம்ப் வேகமாகச் சுற்றும்போது போதுமான ஆயில் போகிறது, ஸ்லோவில் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) போதவில்லை. பாக்ஸும் நல்லதாக இருக்கலாம், பம்பும் நல்லதாக இருக்கலாம். இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாடித் தொட்டி வரை ஏறுமா என்பது ஒன்று, தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்பது வேறு. பவர் ஸ்டீயரிங்கிலும் இந்த இரண்டும் தனித்தனி. பிரஷர் என்பது பலம், நின்ற வண்டியின் சக்கரத்தைத் தரையில் தேய்த்துத் திருப்ப அதுதான் வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்கிற ஓட்டம்தான் நீங்கள் எவ்வளவு வேகமாகத் திருப்பலாம் என்பதைத் தீர்மானிக்கும். மெதுவாகத் திருப்பினால் லேசாகவும், வெடுக்கென்று திருப்பினால் கல்லாகவும் இருந்தால் குறை ஓட்டத்தில்தான்.

எவ்வளவு வேண்டும் என்பதை பாக்ஸுக்குள் இருக்கும் பிஸ்டன்தான் சொல்லும். உதாரணமாக 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் என்று வையுங்கள், பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர். ஒரு லாக்கிலிருந்து மறு லாக் வரை (ஸ்டீயரிங்கை ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறு பக்கக் கடைசி வரை திருப்ப) அது 8 சென்டிமீட்டர் நகர்ந்தால் 400 சிசி ஆயில் வேண்டும். ஸ்டீயரிங் மூன்று சுற்று என்றால் சுற்றுக்கு 130 சிசிக்குக் கொஞ்சம் மேல். அவசரத்துக்கு நொடிக்கு ஒன்றேகால் சுற்று சுற்றினால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போக வேண்டும். சின்னக் காரில் பாக்ஸுக்குப் பதிலாக இருப்பது ரேக், அதாவது சக்கரங்களைக் குறுக்கே தள்ளும் பல் போட்ட ராடு, அதன் பிஸ்டன் சிறியது, ஏழெட்டு லிட்டருக்குள் அதற்குப் போதும். அந்த பம்பைக் கொண்டுவந்து இந்த பாக்ஸுக்குப் போட்டிருக்கிறீர்கள்.

இதற்கு மேல் இன்னொரு வில்லங்கம் உங்கள் எஞ்சினில் இருக்கிறது. இப்போதைய கார் எஞ்சின் ஸ்லோவில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும். உங்கள் பழைய ஆறு சிலிண்டர் 500 வாக்கில் தாளம் போட்டுக்கொண்டு நிற்கும், அதன் அழகே அதுதான். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், பம்ப் புல்லி 120 என்று வைத்தால், 800-க்கு பம்ப் 1000 சுற்று சுற்றும், 500-க்கு 625 தான். சின்ன பம்ப், அதுவும் முக்கால் வேகத்துக்கும் கீழே. ஊளையிடாமல் என்ன செய்யும்?

அதனால் இப்படிச் செய்யுங்கள். அந்த பாக்ஸ் எந்த மாடல் வண்டியில் இருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கறாராகக் கேட்டு, அதே வண்டியின் பம்ப், அதோடு ஆயில் டப்பா, ஹோஸ் எல்லாம் ஒரே செட்டாக வாங்குங்கள். பாக்ஸ்தான் எஜமான், மற்றதெல்லாம் அதற்கு ஏற்றபடி வர வேண்டும். பிறகு புல்லி. பம்ப் புல்லியை லேத்தில் சின்னதாகச் செய்து கிராங்குக்கும் பம்புக்கும் 2-க்கு 1 கணக்கு வந்தால் ஸ்லோவிலேயே 1000 சுற்று கிடைக்கும். எஞ்சினை 3300 வரை விரட்டினால் பம்ப் 6600 சுற்றும், ஆனால் அந்த வண்டியை யார் அப்படி விரட்டப் போகிறார்கள்? கூடுதலாக வரும் ஆயிலை பம்புக்குள் இருக்கும் ஃப்ளோ வால்வு திருப்பிவிட்டுவிடும். புல்லி இறுக்கமாக அழுத்தி ஏற்றிய வகை என்றால் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள், அடி நேராக உள்ளே இருக்கும் பிளேடுகளுக்குப் போகும். கழற்றுவதற்குப் புல்லரும், ஏற்றுவதற்கு அழுத்தி ஏற்றும் கருவியும் தனியாக இருக்கின்றன. பெல்ட் இரண்டு புல்லியிலும் ஒரே நேர்கோட்டில் ஓடுகிறதா என்று ஒரு நீளமான ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

பட்டறையில் யாராவது ‘பிரஷரை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்’ என்று, பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் வாஷரில் கை வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். உங்கள் குறை பிரஷரில் இல்லை, ஏற்றினால் சீல்தான் போகும். சந்தேகமாக இருந்தால் பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் ஒரு கேஜும் ஒரு வால்வும் மாட்டிப் பார்க்கலாம். வால்வை மூடி ஐந்து நொடிக்கு மேல் வைக்கக் கூடாது, பம்ப் வெந்துவிடும். இந்த ரக பாக்ஸ்களுக்கு 80, 90 பார் வாக்கில் வந்தால் பிரஷரைக் குறை சொல்ல முடியாது.

ஹோஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பம்பிலிருந்து பாக்ஸுக்குப் போவது ஹை பிரஷர், திரும்பி வருவது சாதாரண ஹோஸ், ஒன்றை மற்றதன் இடத்தில் போட முடியாது. பழைய அமெரிக்க பாக்ஸ்களில் குழாயின் வாய் கூம்பு மாதிரி விரித்து உட்காரும், பிறகு வந்தவற்றில் ஓ-ரிங், பேன்ஜோ போல்ட் (நடுத் துளை வழியே ஆயில் போகும் போல்ட்) வகையில் செப்பு வாஷர். மரை ஏறுகிறதே என்று ஒன்றை இன்னொன்றில் முறுக்கினால் அன்று நிற்கும், அடுத்த வாரம் ஒழுகும். ஜேசிபிக்கும் போர்வெல் வண்டிக்கும் ஹோஸ் கிரிம்ப் செய்கிற கடைக்கு பம்பையும் பாக்ஸையும் கையோடு எடுத்துப்போய், இரண்டு முனையும் எதெதுவோ அதற்கேற்ற ஃபிட்டிங் போட்டு வாங்கி வாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை. உங்கள் வண்டியில் ஸ்டீயரிங் ராடும் பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் என்கிற திருகுப் பல்லும் ஒரே துண்டு. பாக்ஸை மாற்றியிருந்தால் அந்த ராடை அறுத்திருப்பார்கள். எப்படி இணைத்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. குனிந்து பாருங்கள். பல் போட்ட முனையில் யூனிவர்சல் ஜாயிண்ட் ஏறி, குறுக்கே போல்ட் பூட்டியிருந்தால் நிம்மதி. இரண்டு ஜாயிண்ட் இருந்தால் நடு ராடின் இரு முனையிலும் கவை ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றின் வளைவும் 30 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ராடோடு ராடை ஒட்டி வெல்டிங் வைத்திருந்தால், சாவியைக் கழற்றிப் பெட்டகத்தில் போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேட்க மறந்தேன், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கு கிரீஸ் அடித்தீர்களா? வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ஸ்டீயரிங் கல்லானதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். முதலிலேயே அதைப் பார்த்திருந்தால் ஒருவேளை இந்தச் செலவே வந்திருக்காது.

கேள்வி: பழைய ஜீப் பிக்கப்பில் பவர் பாக்ஸ் உட்காரும் இடத்தில் குறுக்குச் சட்டம் இடிக்கிறது. பாக்ஸிலிருந்து கீழே தொங்கிச் சக்கரத்தை ஆட்டும் டிராப் ஆர்மைப் பின்பக்கம் பார்க்காமல் முன்பக்கம் பார்க்க மாட்டிக்கொள்ளலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: மாட்டலாம், ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் வண்டி இடது பக்கம் போவது உங்களுக்குச் சம்மதம் என்றால். சிரிக்காதீர்கள், நானே செய்திருக்கிறேன். இதே மாதிரி இடித்தது, ஆர்மைத் திருப்பிப் போட்டோம், எல்லா நட்டும் பூட்டி ஆயில் ஊற்றி, ஜாக்கியில் தூக்கி வைத்துத் திருப்பிப் பார்த்தபோது டீ வாங்கி வந்த பையன்தான் ‘அண்ணே, சக்கரம் எதிரே போகுதே’ என்றான். நாங்கள் மூன்று பேர் அதைக் கவனிக்கவில்லை! ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் லிங்க் குறுக்கே போகிற வண்டியில் ஆர்ம் பின்னால் பார்த்தால் ஒரு திசை, முன்னால் பார்த்தால் எதிர்த்திசை. ஓர் அட்டையில் ஆர்மையும் லிங்க்கையும் வெட்டி, குண்டூசி குத்தி ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சட்டத்தைத் தவிர்க்க பாக்ஸை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள், சேசிஸுக்குள் குழாய்த் துண்டு வைத்து போல்ட் போடுங்கள். இல்லாவிட்டால் பாக்ஸ் இழுக்கிற இழுப்பில் சேசிஸ் தகடு அந்த இடத்தில் விரிசல் விடும்.

கேள்வி: நான் நேர்மாறு. முன் ஆக்ஸிலையே மாற்றி ரேக் போட்டேன், பம்ப் பெரிய வண்டியுடையது. திருச்சி ரோட்டில் 80-இல் போனால் விரல் பட்டாலே வண்டி அலைகிறது. (காரைக்குடி)

பதில்: பள்ளத்தூர்க்காரருக்குப் போதவில்லை, உங்களுக்கு மிஞ்சிவிட்டது. பெரிய பம்ப் 11 லிட்டர் வாக்கில் தள்ளும், உங்கள் ரேக்குக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். பம்பின் வெளிவாய் ஃபிட்டிங்கில் ஓட்டத்தை அளந்து விடும் ஒரு சின்னத் துளை இருக்கும், அதையும் அதன் பின்னால் இருக்கும் வால்வையும் ரேக்குக்கு உரியதாக மாற்றுங்கள். பிரஷரையும் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் ரேக் சீல் ஒழுகும். ஹோஸுக்குள் ஓட்டை போட்ட ஆணியைச் செருகும் வித்தை ஊரில் உண்டு, அது வேண்டாம். அலைன்மென்ட் கடையில் காஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) பாருங்கள். கைபலத்தால் திருப்பிய காலத்து வண்டிகளில் கையை லேசாக்குவதற்காக அதைக் குறைவாக வைப்பார்கள், பவர் வந்தபின் மூன்று நான்கு டிகிரி இருந்தால்தான் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும்.

கேள்வி: ஆயில், பம்ப் எல்லாம் தலைவலி. புதுக் கார்களில் வரும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கைப் பழைய பிக்கப்பில் போட்டால்? (கோட்டையூர்)

பதில்: நல்ல யோசனைதான், ஒழுகாது. ஆனால் முழுதாகத் திருப்பும் நேரத்தில் 40 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். 1951 வண்டியில் இருப்பது 6 வோல்ட், சின்ன டைனமோ. 12 வோல்ட்டும் ஆல்டர்னேட்டரும் போட்ட பிறகு பேசுவோம். அந்த மோட்டாரின் கம்ப்யூட்டர் வண்டியின் வேகம் என்ன என்றும் கேட்கும், பழைய கேபிள் மீட்டர் அதற்குப் பதில் சொல்லாது.

கேள்வி: இப்படி மாற்றிய பிக்கப்பை விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியுமா? (கானாடுகாத்தான்)

பதில்: 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு அந்தப் பதிவு உண்டு, புதிதாகப் பதிய 20,000 ரூபாய், நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும், தினசரி ஓட்டத்துக்கு விட முடியாது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. ஆகவே முன் ஆக்ஸிலையே மாற்றி ரேக் போட்ட காரைக்குடிக்காரருக்குச் சிரமம். போல்ட்டில் பூட்டி, வேண்டுமானால் கழற்றிப் பழையபடி மாட்டலாம் என்கிற நிலையில் பாக்ஸ் இருந்தால் பேசிப் பார்க்க இடமுண்டு, முன்கூட்டியே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள். கழற்றிய பழைய பாக்ஸைக் காயலானுக்குப் போடாதீர்கள். ஒரு செய்தி: கிரைஸ்லர் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததும் 1951-இல்தான். பள்ளத்தூர் ஐயா வண்டி வாங்கிய அதே வருடம்.

கேள்வி: பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருந்தது, கையில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டான் டிரைவர். மேலும் முகப்பில் வண்டி நின்ற இடத்தில் ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பாகக் கறை. ஆச்சி திட்டுகிறார்கள். (புதுவயல்)

பதில்: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிரேக் ஆயில் அந்த ரப்பர் சீல்களை ஊத வைத்துவிடும். இரண்டு ஹோஸையும் கழற்றி வடித்து, புது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) விட்டு இரண்டு மூன்று தடவை அலசி ஊற்றுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, எஞ்சின் ஓடாமலே லாக்கிலிருந்து லாக்குக்கு இருபது தடவை மெதுவாகத் திருப்புங்கள், டப்பாவில் குமிழி நிற்கும் வரை. பிரேக் ஆயில் உள்ளே போனபின் எஞ்சின் ஓடியிருந்தால் சீல் கிட் மாற்றத் தயாராக இருங்கள். கல் சிமென்ட் கல், ஆயிலைக் குடித்துவிடும். ஈரமாக இருக்கும்போதே மரத்தூள் போட்டு ஒற்றி எடுத்திருக்க வேண்டும். இப்போது ஆச்சி வழக்கமாகத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது கூடவே நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சிவப்பு கொஞ்சம் மங்கும். வண்டிக்கு அடியில் ஒரு தகரத்தட்டு வையுங்கள்.