சஷ்டி விரதமும் சர்க்கரை மாத்திரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை வந்து 11 வருடம். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். ஐப்பசி வந்தால் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால், பழம்தான். “விரதம் இருந்தா கழிவெல்லாம் வெளிய போயிடும், ஜப்பான்காரர் ஒருத்தர் இதுக்கு நோபல் பரிசே வாங்கியிருக்கார்” என்று வாட்ஸாப்பில் வந்ததைக் காட்டுகிறார். போன வருடம் நான்காம் நாள் கோயிலில் உட்கார்ந்தபடியே வியர்த்து நடுங்கிச் சரிந்துவிட்டார். அருள் வந்ததாகச் சொன்னார்கள். இந்த வருடமும் இருப்பாராம். விரதம் உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா? தடுப்பதா, விடுவதா?

ரா.

அன்புள்ள ரா.,

வந்தது அருளா இல்லையா என்று ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் வியர்வை, நடுக்கம், சரிவு மூன்றும் சர்க்கரை தாழ்ந்ததற்கான அடையாளங்கள். அதற்குக் காரணமாக இருக்கக்கூடியது மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மருந்து அது. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அது வேலை செய்வதில்லை. விழுங்கினால் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அதன் பிடி இருக்கும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இப்படிச் சரிப்பது அபூர்வம்.

வோக்லிபோஸுக்கு வேறொரு சங்கடம் உண்டு. சாதாரணச் சர்க்கரை குடலில் உடைபடுவதை அது தாமதப்படுத்தும். மயக்கம் என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சீக்கிரம் ஏறாது. கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டியை அரை தம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 70க்கு மேல் வராவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். கோயிலுக்குக் கிளம்பும்போது திருநீற்றுப் பையோடு அந்தப் பொடியும் போகட்டும்.

நோபல் பரிசு விஷயம் பாதி உண்மை. யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவப் பரிசு கிடைத்தது. செல் தன் பழுதுபட்ட பாகங்களைத் தானே தின்று செரிக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதை அவர் ஈஸ்ட்டைப் பட்டினி போட்டுக் கண்டறிந்தார். அந்த வேலை மனித உடம்பிலும் நடக்கிறது. ஆனால் எத்தனையாவது மணிநேரப் பட்டினியில் எவ்வளவு கூடுகிறது என்று காட்டும் எளிய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. “16 மணி நேரத்தில் கழிவு போகும், 72இல் புற்றுநோய் போகும்” என்று அட்டவணை போடுகிறவர்கள் கையிலிருந்து போடுகிறார்கள். இரண்டாம் நாள் வாய் நாறுவதும் நச்சு வெளியேறுவதால் அல்ல. கொழுப்பு எரியும்போது வரும் அசிட்டோன் வாசனை அது. முதல் நாள் தலைவலி பலருக்குக் காபியை நிறுத்தியதால் வருவது.

எடை இறங்குவதையும் நம்பிவிட வேண்டாம். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 400 கிராம் கிளைகோஜன் சேமிப்பு உண்டு. கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரைந்தாலே தராசில் ஒன்றிரண்டு கிலோ குறையும், சோறு உள்ளே போனதும் திரும்பி வரும். வாரத்துக்கு ஒரு வேளையைக் குறைத்து, அதை மறுநாள் ஈடு கட்டாமல் இருப்பவருக்கு மெல்ல எடை குறையும், சர்க்கரையும் கொழுப்பும் கொஞ்சம் இறங்கும். விரதத்தால் உடம்புக்கு வரும் நன்மை என்று நான் ஒப்புக்கொள்வது அவ்வளவுதான். அதுவும் தினமும் அளவாகச் சாப்பிட்டுக் குறைப்பவருக்குக் கிடைப்பதைவிடப் பெரிதல்ல. ஏகாதசி என்று அரிசியை விட்டுவிட்டு ரவை உப்புமாவும் ஜவ்வரிசி வடையும் சாப்பிடுவதில் அந்த நன்மைகூட இல்லை.

அம்மாவின் பால், பழத்தையும் கணக்குப் போடுங்கள். 200 மில்லி பாலில் 10 கிராம், இரண்டு தேக்கரண்டி சர்க்கரையில் 10, பெரிய வாழைப்பழத்தில் 25. மொத்தம் 45 கிராம் மாவுச்சத்து, ஏறக்குறைய நாலு இட்லிக்குச் சமம். குடித்த ஒரு மணி நேரத்தில் சர்க்கரை ஏறும். அடுத்த வேளை வரை வேறெதுவும் இல்லாததால் மாத்திரை அதைக் கீழே இழுக்கும். பாலில் சர்க்கரை வேண்டாம், வாழைக்குப் பதில் கொய்யா, இடையில் மோர், மாலையில் ஒரு கை வேர்க்கடலை என்று மாற்றினால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். உங்கள் வீட்டு முறை மோர், கடலைக்கு இடம் கொடுக்குமா என்று அம்மாதான் சொல்ல வேண்டும்.

இந்த ஆபத்தை அதிகம் ஆராய்ந்திருப்பது ரமலான் நோன்பை வைத்துத்தான். 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைக் கவனித்ததில், இரண்டாம் வகையினருக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மற்ற மாதங்களைவிட ரமலானில் ஏழரை மடங்காக இருந்தது. அதிலிருந்து வந்த விதி சஷ்டிக்கும் பொருந்தும்: 70க்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் அந்தக் கணமே விரதத்தை முடித்துவிட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் விரதம் கெடாது. காலை, பதினோரு மணி, மாலை நான்கு, படுக்கும் முன் என நான்கு தடவை பாருங்கள்.

தடுக்க வேண்டாம், ஆனால் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். “ஆறு நாள் இதுதான் சாப்பாடு” என்று எழுதிக் காட்டினால் கிளிமிபிரைடை அவர் குறைப்பார் அல்லது நிறுத்துவார். நீங்களாக மாத்திரையை உடைக்காதீர்கள். இடையில் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏற்றிவிடும் குணம் அதற்குப் பட்டினியில் உண்டு. சிறுநீரகக் கோளாறோ இருதயக் கோளாறோ இருந்தால், போன வருடம் நடந்ததையும் வைத்துப் பார்த்து, நானாக இருந்தால் ஒருபொழுதோடு நிறுத்தச் சொல்வேன். பக்கத்து வீட்டில் மிளகும் தண்ணீருமாக ஆறு நாள் இருக்கிறார்கள் என்று அம்மா ஒப்பிட்டால், அது அவருக்குக் கூடவே கூடாது.

கடைசியில் பலர் சறுக்குவது விரதம் முடிக்கும்போது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாத மெலிந்த உடம்பில் திடீரென மாவுச்சத்து இறங்கினால், இன்சுலின் எழும்பி ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், இருதயம் தடுமாறலாம். பால் குடித்துவந்தவருக்கு அந்த அபாயம் குறைவு என்றாலும் சர்க்கரை எகிறும். சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்த இரவு குழைந்த சாதம், பாசிப்பருப்பு, மோர், அதுவும் வழக்கத்தில் பாதி அளவு. சர்க்கரைப் பொங்கல் மறுநாள் திருக்கல்யாணத்துக்கு, இரண்டு ஸ்பூன். குறைத்த மாத்திரையைப் பழைய அளவுக்கு எப்போது திருப்புவது என்பதையும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.