நகராட்சித் தொட்டியில் ஆன்டெனா: உரிமையாளராகப் பேசுவதா, அதிகாரியாகப் பேசுவதா?

இந்த இதழில், நகராட்சிக்குச் சொந்தமான கட்டடங்களிலும் கம்பங்களிலும் நிலங்களிலும் செல்பேசி ஆன்டெனாக்களையும் கோபுரங்களையும் நிறுவுவது குறித்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் நகர்மன்றத்தின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஆன்டெனா வைக்க ஒரு நிறுவனம் இடம் கேட்கிறது. சட்டப்படி மன்றம் மறுக்கவே முடியாது என்கின்றனர் நிறுவனத்தார். நம் தொட்டி, நம் விருப்பம் என்கின்றனர் உறுப்பினர்களில் சிலர். யார் சொல்வது சரி?

பதில்: இரு தரப்பும் பேசுவது இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பற்றி. ஒரு தனியார் மாடியில் ஆன்டெனா வைக்க விண்ணப்பம் வந்தால், நகராட்சி அதைப் பரிசீலிப்பது அனுமதி வழங்கும் அதிகாரி என்ற முறையில். அந்த அதிகாரத்துக்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளிடமே விட்டுவைத்துவிட்டு, ஒரே வகைச் சேவையைத் தரும் நிறுவனங்களிடையே பாரபட்சம் காட்டக் கூடாது, சேவையையே முடக்கும்படி விதி செய்யக் கூடாது, நியாயமான காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் எழுத்து மூலமாகவும் போதிய ஆதாரத்துடனும் மறுக்க வேண்டும் என்று கட்டுப்பாடுகளை விதித்தது. தங்கள் ஊருக்கு வந்த நிறுவனத்தார் மனத்தில் வைத்திருப்பது இந்த வகைச் சட்டத்தைத்தான்.

ஆனால் தொட்டி நகராட்சியின் சொத்து. அதில் இடம் கேட்கும்போது நிறுவனம் அதிகாரியிடம் அனுமதி கேட்பதோடு, உரிமையாளரிடம் குத்தகையும் கேட்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு பள்ளி நிர்வாகம் தன் கட்டடக் கூரையை ஆன்டெனாவுக்குக் குத்தகைக்கு விட்டது தொடர்பான வழக்கில், 2002-ஆம் ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், சொந்தச் சொத்தின் உரிமையாளராக அந்த நிர்வாகம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று கூறியது. அங்குள்ள நிலையைக் கொண்டு பார்த்தால், உறுப்பினர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லா நாட்டுச் சட்டமும் இப்படியே இல்லை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், பொதுச் சொத்தில் வலையமைப்பை நிறுவக் கோரும் விண்ணப்பத்தைப் பொது அமைப்புகள் விரைந்து பரிசீலித்து அனுமதி வழங்க வேண்டும் என்றும், நிர்வாகச் செலவும் இழப்பீடும் வகுக்கப்பட்ட உச்சவரம்பைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. அங்கே உரிமையாளர் என்ற வாதம் அவ்வளவு தூரம் செல்லாது. ஆகவே மன்றம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தங்கள் நாட்டுச் சட்டம் இவ்விரு நிலைகளையும் பிரித்துப் பார்க்கிறதா என்பதை. பிரித்துப் பார்க்குமானால், தீர்மானங்களையும் இரண்டாகவே நிறைவேற்றுவது நல்லது: ஒன்று குத்தகைக்கு, மற்றொன்று கட்டட அனுமதிக்கு. ஒரே தீர்மானத்தில் இரண்டையும் குழைத்துவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் பிரித்துக்காட்டுவது பெரும்பாடு.

கேள்வி: அதே தொட்டி குறித்து இன்னொரு வாசகர்: வாடகை நன்றாக வருகிறது என்பதால் கையெழுத்திடத் தயாராக இருக்கிறோம். ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வாடகைத் தொகையைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் மன்றங்கள், தொட்டி எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மறந்துவிடுகின்றன. அது தண்ணீருக்காகக் கட்டப்பட்டது. ஆகவே முதல் நிபந்தனை, குடிநீர்ப் பணிக்கே எப்போதும் முன்னுரிமை என்பதாக இருக்கட்டும். எஃகுத் தொட்டியின் வெளிச்சுவரில் தாங்கிகளைப் பற்றவைத்தால் வெப்பம் உட்புறப் பூச்சைக் கெடுக்கும். அங்கிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். கான்கிரீட் தொட்டியில் கண்டபடி துளையிட்டால் உள்ளிருக்கும் கம்பிக்கு ஈரம் இறங்கும். எனவே எவ்வாறு பொருத்துவது என்பதை வரைபடத்துடன் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். ஆன்டெனாக்களின் எடையைவிட அவற்றின் மீது மோதும் காற்றின் விசைதான் கட்டமைப்புக்குச் சோதனை என்பதால், சுதந்திரமான கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் அறிக்கையை நிறுவனத்தின் செலவில், ஆனால் நகராட்சி தேர்ந்தெடுக்கும் பொறியாளரிடமிருந்து பெற வேண்டும். நிறுவனமே கொண்டுவரும் அறிக்கையில் பொய் இருக்கும் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்க நம் பக்கம் ஒருவர் வேண்டும்.

தொட்டிக்கு மறுபடியும் வண்ணம் பூசும் நாள் வரும். அப்போது ஆன்டெனாக்களைக் கழற்றித் தற்காலிகக் கம்பத்துக்கு மாற்றும் செலவு யாருடையது என்று எழுதாமல் விட்ட ஒப்பந்தங்களில், பல ஆண்டு வாடகை அந்த ஒரு வேலையிலேயே கரைந்துவிடக்கூடும். தொட்டி வளாகத்துக்குள் நிறுவனத்தின் ஆட்கள் எந்த நேரத்தில், யாருக்குத் தெரிவித்துவிட்டு நுழையலாம் என்பதும் குடிநீர்ப் பாதுகாப்பைச் சேர்ந்த விஷயமே. தீயணைப்பு, காவல் ஆகிய துறைகளின் வானொலித் தொடர்பில் குறுக்கீடு நேர்ந்தால் நிறுவனம் உடனடியாகத் தன் கருவியை நிறுத்த வேண்டும் என்ற ஷரத்தையும் விட்டுவிடாதீர்கள். கடைசியாக, குத்தகை எடுத்தவர் அதே இடத்தை வேறு நிறுவனங்களுக்கும் பகிர்ந்து வருவாய் ஈட்டுவது இத்தொழிலில் சாதாரணம். ஒவ்வொரு புதிய பங்காளியும் சேரும்போது நகராட்சிக்குக் கூடுதல் பங்கு உண்டா என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

கேள்வி: தெருவிளக்குக் கம்பங்களில் சிறு பெட்டிகளைப் பொருத்த நிறுவனங்கள் வருகின்றன. கம்பமும் எங்களுடையதுதானே? தொட்டிக்குக் கேட்கும் வாடகையைக் கம்பத்துக்கும் கேட்கலாமா?

பதில்: ஆசை இயல்பானதுதான். ஆயினும் இங்கே உரிமையாளர் என்ற வாதம் பல நாடுகளில் வலுவிழந்துவிட்டது. நான்காம், ஐந்தாம் தலைமுறைச் சேவைகளுக்கு உயர்ந்த கோபுரங்கள் மட்டும் போதாமல், சில நூறு மீட்டருக்கு ஒன்றாகக் குறைந்த திறனுள்ள சிறு நிலையங்கள் தேவைப்படுகின்றன. அவற்றுக்கு ஏற்ற இடம், ஏற்கெனவே மின்சாரத்தோடு நிற்கும் தெருக்கம்பம். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஊர் ஊராகப் பேரம் பேசினால் வலையமைப்பே உருவாகாது என்று நிறுவனங்கள் வாதிட்டன. சட்டமியற்றுவோர் அதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டனர்.

அமெரிக்கக் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம் 2018-இல் பிறப்பித்த ஆணை, சாலை எல்லைக்குள் உள்ள சிறு நிலையங்களுக்கு நகராட்சி வசூலிக்கும் கட்டணம் அதன் உண்மையான செலவை ஒட்டியே இருக்க வேண்டும் என்றது. ஒரு நிலையத்துக்கு ஆண்டுக்கு 270 டாலர் வரை வாங்கினால் கேள்வி எழாது என்று ஓர் அளவையும் குறிப்பிட்டது. ஏற்கெனவே உள்ள கம்பத்தில் பொருத்துவதற்கான விண்ணப்பத்துக்கு 60 நாளிலும், புதுக் கம்பத்துக்கு 90 நாளிலும் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடுவும் வைத்தது. கம்பங்களின் உரிமையாளர்கள் நாங்கள், எங்கள் விலையை நாங்களே வைப்போம் என்று நகரங்கள் வழக்காடின. 2020-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டண வரம்பை உறுதிசெய்தது. தோற்றம், அழகு தொடர்பான கட்டுப்பாடுகளில் ஆணையம் அளவு மீறிய சில பகுதிகளை மட்டும் நீக்கியது. இந்தியாவில் 2022-இல் செய்யப்பட்ட விதித் திருத்தம், தெருக்கம்பம் போன்றவற்றைச் சிறு நிலையத்துக்குப் பயன்படுத்த நகர்ப்புறத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய், ஊரகத்தில் 150 ரூபாய் என்று வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறை, விளக்குக் கம்பம், போக்குவரத்து விளக்கு, பேருந்து நிறுத்தம் முதலியவற்றை நியாயமான, வெளிப்படையான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் அளிக்கும்படி பொது அமைப்புகளைக் கேட்கிறது.

தெரு என்பது நகராட்சியின் பெயரில் இருந்தாலும் அனைவரது பயன்பாட்டுக்காகவும் அது வைத்திருக்கும் பொறுப்பு என்பது இவற்றுக்கெல்லாம் அடியில் உள்ள எண்ணம். இது சரியான எண்ணம் என்றே எனக்குப் படுகிறது. ஆயினும் கம்பத்தின் வலிமையைச் சோதித்தல், நடைபாதையில் பெட்டி இடறாதிருத்தல், வெளிப்புறக் கம்பிகளைக் கம்பத்துக்குள் மறைத்தல், மின்சாரத்துக்குத் தனி மீட்டர் ஆகியவற்றைக் கேட்பதிலிருந்து எந்தக் கட்டண வரம்பும் நகராட்சியைத் தடுக்கவில்லை. முன்கூட்டியே எழுதி வெளியிட்ட, எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விதியாக அவை இருக்க வேண்டும்.

கேள்வி: பூங்காவை ஒட்டிய நகராட்சி நிலத்தில் கோபுரம் வரப்போகிறது. கதிர்வீச்சைக் காரணம் காட்டி மன்றம் மறுக்க முடியுமா?

பதில்: அதிகாரி என்ற நிலையில் பெரும்பாலும் முடியாது. மேற்சொன்ன 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு நிலையம் அமெரிக்கக் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையத்தின் கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்குமானால், கதிர்வீச்சின் சுற்றுச்சூழல் விளைவுகளைக் காரணமாகக் கொண்டு உள்ளாட்சி அதை ஒழுங்குபடுத்தக் கூடாது என்று நேரடியாகவே தடுக்கிறது. வரம்பு வகுப்பது தேசிய அமைப்பின் வேலை, இடம் பார்ப்பது உள்ளூரின் வேலை என்பது அதன் கருத்து.

அச்சத்தை ஏளனம் செய்வதற்கில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு வரம்புக்குட்பட்ட சான்று உள்ள பிரிவில் சேர்த்தது உண்மை. அந்த முடிவுக்கு முதன்மையாக அடிப்படையாக இருந்தவை காதோடு ஒட்டிப் பேசும் கைப்பேசி பற்றிய ஆய்வுகள் என்பதும் உண்மை. பொதுமக்களுக்காகக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் பரிந்துரைக்கும் வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012 செப்டம்பர் முதல் அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 0.45 வாட்டை, தன் வரம்பாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆன்டெனாவின் கற்றை ஏறக்குறைய கிடைமட்டமாகத் தொலைவை நோக்கிச் செல்வதாலும், தொலைவு இரட்டித்தால் செறிவு நான்கில் ஒன்றாகக் குறைவதாலும், கோபுரத்தின் நேர் அடியில் நிற்பவருக்குக் கிடைக்கும் அளவு பொதுவாக மிகக் குறைவு. உண்மையான கவனம் தேவைப்படுவது கூரையில் ஆன்டெனாவுக்கு எதிரே சில மீட்டருக்குள் நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கே. ஆகவே மன்றம் வரம்புச் சான்றிதழையும், நிறுவிய பின் அளவீட்டையும், கூரையில் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் கோரலாம், கோரவும் வேண்டும். பூங்காவின் நிழலையும் விளையாட்டிடத்தையும் இழக்க விரும்பவில்லை என்பது இதிலிருந்து முற்றிலும் வேறான காரணம். சொத்தின் உரிமையாளராக மன்றம் அதைச் சொல்ல இடமுள்ள ஊரில் தாராளமாகச் சொல்லலாம். கதிர்வீச்சை மனத்தில் வைத்துக்கொண்டு அழகைக் காரணமாக எழுதும் தீர்மானம், கூட்டக் குறிப்பைப் படித்தவுடனேயே அம்பலமாகிவிடும்.

கேள்வி: மறுப்பதானால் காரணத்தை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?

பதில்: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராஸ்வெல் என்னும் நகரம் இதைப் பெருஞ்செலவில் கற்றுக்கொண்டது. குடியிருப்புப் பகுதியில் பைன் மரம் போல வேடமிட்ட 108 அடிக் கோபுரத்துக்கு வந்த விண்ணப்பத்தை 2010-இல் அது மறுத்தது. மறுப்புக் கடிதத்தில் காரணம் இல்லை. காரணங்கள் அடங்கிய கூட்ட நடவடிக்கைக் குறிப்பு 26 நாள் கழித்தே வெளியானது. நிறுவனம் வழக்குத் தொடரச் சட்டம் தரும் அவகாசமோ 30 நாள்தான். காரணம் கடிதத்திலேயே இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏறத்தாழ அதே சமயத்தில் கிடைக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நகரம் தோற்றது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு வழித்தட உரிமை விதிகளில், 60 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி வழங்கியதாகவே கொள்ளப்படும் என்றிருந்தது. அவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் வந்துள்ளன. ஆகவே விண்ணப்பம் வந்த தேதியை முத்திரையிட்டுக் குறித்துவைப்பதிலிருந்தே மன்றத்தின் வேலை தொடங்குகிறது.

கேள்வி: ஏற்கெனவே நகராட்சி நிலத்தில் நிற்கும் கோபுரத்தில் நிறுவனம் கேட்காமலேயே ஆன்டெனாக்களைக் கூட்டிக்கொண்டே போகிறது. தடுக்க முடியுமா?

பதில்: ஒப்பந்தத்தைப் பாருங்கள். பரிமாணத்தைக் கணிசமாக மாற்றாத கூடுதல்களை உள்ளாட்சி மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2012-இல் ஒரு சட்டம் வந்தது. எனினும் அது அதிகாரி நிலையில் இருக்கும் உள்ளாட்சிக்கு மட்டுமே பொருந்தும், உரிமையாளர் நிலைக்குப் பொருந்தாது என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமே 2014-இல் தெளிவுபடுத்தியது. எந்தக் கருவி, எத்தனை, எந்த உயரத்தில் என்ற இணைப்புப் பட்டியல் தங்கள் குத்தகையில் இருந்தால் மன்றத்தின் கை ஓங்கியிருக்கும். கோபுரம் வைக்க இடம் அளிக்கப்படுகிறது என்று ஒற்றை வரியில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்க நேரலாம்.

கேள்வி: நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. துருப்பிடித்த கோபுரம் எங்கள் நிலத்தில் நிற்கிறது. யார் அகற்றுவது?

பதில்: குத்தகையில் அகற்றும் கடமையும் அதற்கான வங்கி உத்தரவாதமும் இருந்தால், உத்தரவாதத்தைப் பணமாக்கி நகராட்சியே அகற்றிவிடலாம். இல்லாவிட்டால், அக்கோபுரத்தில் பங்கு வைத்திருந்த பிற நிறுவனங்களோ, சொத்துகளைக் கையேற்ற நிறுவனமோ, கலைப்பு அலுவலரோ உள்ளனரா என்று தேடி எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்குப் பதில் வரும்வரை, அடியில் யாரும் போகாதபடி வேலி போட்டு, தளர்ந்த தாங்கு கம்பிகளை ஒரு பொறியாளரைக் கொண்டு பார்வையிடச் செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.