கொடைக்கானல் சீசனில் சம்பாதித்தோம். காட்டேஜை லீசுக்கு எடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு வத்தலக்குண்டு. எனக்கு 34 வயது, வீட்டுக்காரருக்கு 39. அவர் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நாள் கூலி 900, மாதம் 25 நாள் வேலை இருக்கும். நான் வீட்டிலேயே தையல், மாதம் 6,000 வரும். பையன் எட்டாவது, பாப்பா நாலாவது முடித்திருக்கிறாள். வரும் நவம்பரில் அவளுக்கு 10 வயது.

இந்த 2025 ஏப்ரல் 10-லிருந்து ஜூன் 8 வரை 60 நாள் கொடைக்கானலில் 5 ரூம் காட்டேஜ் ஒன்றைத் தெரிந்தவர் எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 40,000 சம்பளம். டிப்ஸ் 14,000 வந்தது. மேலே எங்களுக்கான செலவு 18,000. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தங்க வருகிறவர்கள் சாப்பாடு கேட்டதால் நானே சமைத்துக் கொடுத்தேன். அதில் மளிகை, பால், முட்டை போக 62,000 நின்றது. அது கைச்செலவு மாதிரி வந்ததால் வீட்டுக்காரர் கணக்கில் சேர்க்கவில்லை. கேஸ் ஓனருடையது. எல்லாம் போக இப்போது கையில் 1,38,000 இருக்கிறது. பையன் ஸ்கூலுக்காக ரெண்டு வட்டிக்கு வாங்கிய 40,000 கடன் பாக்கி.

ஓனர் காட்டேஜை எங்களையே லீசுக்கு எடுக்கச் சொல்கிறார். அட்வான்ஸ் 5 லட்சம், மாத வாடகை 35,000, மூன்று வருஷம். “5 ரூம், ரூமுக்கு 2,500, 60 நாள், சீசனிலேயே ஏழரை லட்சம். வருஷ வாடகை நாலு லட்சத்து இருபதாயிரம்தானே” என்கிறார் வீட்டுக்காரர். என் 9 பவுனை அடகு வைத்து 3 லட்சம், வெளியே ரெண்டு வட்டிக்கு 2 லட்சம் வாங்கலாம் என்று திட்டம். ரெஜிஸ்டரை எண்ணிப் பார்த்தேன். 300-க்கு 187 தடவைதான் ரூம் போயிருக்கிறது, சராசரி 2,100. பாதிக்கு மேல் ஆப்பிலும் புரோக்கர் மூலமும் வந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ரெஜிஸ்டரை எண்ணினீர்கள் பாருங்கள் அம்மா, அதிலேயே பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். என்னிடம் லீசு பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் உங்கள் வீட்டுக்காரர் போட்ட கணக்கோடுதான் வருவார்கள். ரூம் எண்ணிக்கை, வாடகை, நாள், மூன்றையும் பெருக்கினால் ஒரு தொகை வரும். அந்தத் தொகையை யாரும் கையில் வாங்கியதில்லை.

உங்கள் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். 187-ஐ 2,100-ஆல் பெருக்கினால் 3,92,700. ஆப்புக்கும் புரோக்கருக்கும் கமிஷனாக 40,000 போய்விடும். துணி வெளுப்பது, கரண்ட், தண்ணீர் லாரி, சோப்பு, கெட்டுப்போகும் கீசர் எல்லாம் சேர்த்து ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 300 வைத்தால் 56,000. மிஞ்சுவது ஏறக்குறைய 2,96,000. ஏழரை லட்சம் எங்கே, மூன்று லட்சம் எங்கே! இத்தனைக்கும் இது மே மாதத்தில், மலர்க் கண்காட்சியும் பள்ளி விடுமுறையும் சேர்ந்த நேரத்தில் வந்த பணம்.

மீதிப் பத்து மாதத்துக்கு வருவோம். நான் ஒரு நவம்பரில் கொடைக்கானல் போயிருந்தேன். வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டியதும் ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே எங்கள் காரோடு ஓடி வந்தார். தலையில் குரங்குக் குல்லா, தோளில் நனைந்த சால்வை. “சார், காட்டேஜ் வேணுமா, எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க.” மே மாதத்தில் அதே ஆள் அப்படிக் கேட்பாரா? வடகிழக்குப் பருவமழை அங்கே நன்றாகவே பெய்யும். மலைப்பாதையில் மண் சரிந்தால் போட்ட புக்கிங்கும் ரத்தாகும்.

ஆனாலும் தாராளமாகவே வைப்போம். பத்து மாதத்தில் 43 வாரக் கடைசி, இரண்டிரண்டு இரவு, இரண்டு ரூம், 1,500 ரூபாய். இதில் 2,58,000 வரும். செலவும் கமிஷனும் போக 1,80,000 நிற்கும். ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவில் கூடும். அடைமழைச் சனிக்கிழமைகளில் அதே அளவு குறையும். சீசனோடு சேர்த்து வருஷத்துக்கு 4,76,000. வாடகை 4,20,000 போனால் 56,000 மிச்சம். ஆனால் இன்னும் வட்டி கட்டவில்லையே. நகைக்கடன் 3 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 30,000. ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். 2 லட்சத்துக்கு 48,000. மொத்தம் 78,000. ஆக வருஷம் முழுக்க உழைத்துவிட்டு மேலே 22,000 கையை விட்டுக் கட்ட வேண்டியிருக்கும். வத்தலக்குண்டில் அவர் விட்டுவிட்டு வரும் கூலி 2,70,000. அதை இந்தக் கணக்கில் நான் தொடவே இல்லை. அசலை எதிலிருந்து அடைப்பது என்பதும் பாக்கி.

அதனால் இந்த லீசு வேண்டாம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பணக்கணக்கு சரியாக வந்திருந்தாலும் இரண்டு விஷயங்களுக்காக நான் தயங்கியிருப்பேன். ஒன்று, கட்டடம். 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு, விதிமீறிக் கட்டிய கொடைக்கானல் கட்டடங்களைப் பூட்டி சீல் வைத்தார்கள். தங்கும் விடுதிகள் பலவும் அதில் அடக்கம். உங்கள் ஓனரின் காட்டேஜுக்கு நகராட்சியின் பிளான் அனுமதி உண்டா? வீடு என்று அனுமதி வாங்கி ரூம் வாடகைக்கு விடுகிறாரா? சொத்து வரி ரசீதும் கரண்ட் பில்லும் வீட்டுக் கணக்கில் இருக்கின்றனவா, வணிகக் கணக்கிலா? சீல் வைத்தால் ஓனருக்குக் கட்டடமாவது மிஞ்சும். உங்கள் 5 லட்சம் அவர் மனசைப் பொறுத்தது. மூன்று வருஷ லீசு என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, வண்டியில் மலை ஏறுகிறவர்கள் வாங்க வேண்டிய இ-பாஸ். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த 2025 சீசனில் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000. மலைக்கு அது நல்லதா என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வேன். உங்களுக்கு அதில் சிக்கல் என்னவென்றால், அடுத்த வருஷம் எத்தனை வண்டி மேலே ஏறும் என்பதை நீங்களும் ஓனரும் முடிவு செய்யப் போவதில்லை. ஆனால் 35,000 வாடகையை மட்டும் மாதாமாதம் நீங்கள்தான் கட்டப் போகிறீர்கள்.

இனி, வீட்டுக்காரர் கணக்கில் சேர்க்காமல் விட்ட 62,000. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். கேஸ் ஓனருடையது என்கிறீர்கள்; நியாயமாக அதையும் கழித்துவிடுவோம். நாலு கமர்ஷியல் சிலிண்டருக்கு 8,000 போட்டால் 54,000 நிற்கும். 60 நாளால் வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 900. கல்லுக்கு முன்னால் நின்று அவர் வாங்கும் அதே கூலி. முன்பணம் இல்லை, அடகு இல்லை, விளம்பரம் இல்லை, ரூம் வேலைக்கு நடுவில் சம்பாதித்தது. இத்தனைக்கும் பரோட்டா மாஸ்டர் ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார், அவரை அந்த அடுப்பில் நிறுத்தவே இல்லை! குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்கு இரவு 9 மணிக்குச் சூடாக இரண்டு பரோட்டாவும் சால்னாவும் கிடைத்தால் விலை கேட்பானா?

அடுத்த சீசனுக்கு ஓனரிடம் பேச வேண்டியது இதைத்தான். லீசு வேண்டாம் அண்ணே, இதே சம்பளத்துக்கே வருகிறோம், சமையலறை மட்டும் எங்கள் பொறுப்பு, வரவும் எங்களுடையது, கேஸ் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி எழுதி வாங்குங்கள். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, கமர்ஷியலே வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2025 நிலவரப்படி, வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான். பக்கத்துக் காட்டேஜ்காரர்களும் ஆர்டர் கொடுப்பார்கள். அங்கே சமையலுக்குத் தனி ஆள் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது.

ஓனர் விடாமல் லீசையே பேசினால், சீசன் இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரே தொகையாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், இந்த வருஷம் போலவே 187 போனால் உங்களுக்கு 1,46,000 நிற்கும்; சம்பளம் 80,000-ஐ விட அதிகம். ஆனால் 145-க்குக் கீழே இறங்கினால் சம்பளமே மேல். அந்த இடைவெளி எனக்குப் போதவில்லை. இன்னும் ஒரு சீசன் சம்பளத்தில் இருந்து ரெஜிஸ்டரை எண்ணிவிட்டு யோசிக்கலாம்.

வீட்டுக்காரரின் ஆசையில் தப்பில்லை. இத்தனை வருஷம் அடுத்தவன் கல்லில் நின்றவருக்கு ‘நம்ம இடம்’ என்ற நினைப்பு வந்திருக்கிறது. ஆனால் இந்த சீசனில் உண்மையில் கூடுதலாக எவ்வளவு கிடைத்தது என்பதையும் அவர் பார்க்க வேண்டும். கீழேயே இருந்திருந்தால் இரண்டு மாதத்தில் இருவருக்கும் 57,000 வந்திருக்கும். அதை விட மேலே கிடைத்தது 80,000-லிருந்து ஒரு லட்சத்துக்குள். நல்ல பணம்தான். வருஷத்துக்கு ஒருமுறை அறுவடை மாதிரி வருகிற பணம். ஒரு போகம் விளைந்தது என்று யாரும் நிலத்தை அடகு வைத்து அடுத்த நிலம் வாங்குவதில்லை.

இப்போது கையில் இருக்கும் 1,38,000. முதலில் அந்த ரெண்டு வட்டிக் கடன் 40,000-ஐ இந்த வாரமே அடையுங்கள். மாதம் 800 ரூபாய் மிச்சம். இதை விட நிச்சயமான வருமானம் தரும் திட்டம் எதுவும் என் கையில் இல்லை. இனி அவசரத் தேவை வந்தால் மகளிர் குழுக் கடனைப் பாருங்கள். வட்டி இதில் பாதிக்கும் கீழே இருக்கும்.

அடுத்தது பாப்பா. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 10 வயது முடிவதற்குள்தான் கணக்குத் தொடங்க முடியும். நவம்பர் வந்தால் கதவு மூடிவிடும். பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் எடுத்துக்கொண்டு தபால் அலுவலகம் போங்கள். இப்போது வட்டி 8.2 சதவீதம். 10,000 போட்டுத் தொடங்குங்கள். முடியாத வருஷத்தில் 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். 18 வயதுக்குப் பிறகு காலேஜுக்கு அதிலிருந்து பாதி வரை எடுக்கலாம்.

50,000-ஐ வங்கியில் ஒரு வருஷ டெபாசிட்டாக, பத்துப் பத்தாயிரமாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்றை உடைத்தாலும் மற்றவை அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் ஹோட்டல் வேலை குறைந்தால் அதுதான் கைகொடுக்கும். அதே வங்கியில் இருவருக்கும் வருஷம் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் போடச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 912 ரூபாய். 30,000-ஐ அடுத்த சீசன் சமையலுக்கு ஒதுக்குங்கள். அடுப்பு, பரோட்டாக் கல், பாத்திரம், முதல் வாரத்து மளிகை எல்லாம் அதற்குள் முடியும். சுமார் 7,000 மிஞ்சும். அதற்கு நான் கணக்குக் கேட்க மாட்டேன்.

நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஓனர் மறுபடி போன் செய்தால் ஒன்று கேளுங்கள்: போன வருஷ ஜூலை, நவம்பர் மாத ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஏப்ரல், மே நீங்கள் எண்ணியாகிவிட்டது. அந்த இரண்டு மாதத்தையும் காட்டினால் அதே மாதிரி எண்ணி எனக்கு எழுதுங்கள். கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.