ரிசல்ட் நெகட்டிவ், பயம் மட்டும் போகவில்லை

கேள்வி: என் வயது 29. கோவையில் வேலை. ஏழு மாதங்களுக்கு முன் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுடன் ஒரே ஒருமுறை உறவு கொண்டேன். ஆணுறை அணிந்திருந்தேன், வாய்வழி உறவின்போது மட்டும் அணியவில்லை. பத்து நாளில் சிறுநீர் போகும்போது எரிச்சல் ஆரம்பித்தது. அப்புறம் நாக்கில் வெள்ளைப் படிவு, தொடை இடுக்கில் சின்னக் கட்டி, காலில் மதமதப்பு. எடை 4 கிலோ குறைந்துவிட்டது. 45ஆம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று ஆய்வகத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன். எல்லாம் நெகட்டிவ். ஆறாம் மாதம், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிட்டேன். இரவெல்லாம் செல்போனில் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தை மாதம் கல்யாணம். நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்த வேண்டாம் தம்பி. அந்த உறவால் உங்களுக்கு ஹெச்.ஐ.வி. வரவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆய்வகங்களில் இப்போது செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, கிருமியின் பி24 என்ற புரதத்தையும் அதற்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்தே தேடுகிறது. அதற்கு 45 நாள் போதும். விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் துரிதப் பரிசோதனை என்றால் 90 நாள். நீங்கள் ஆறு மாதம்வரை போய்விட்டீர்கள். வி.டி.ஆர்.எல்.லுக்கும் மூன்று மாதம் தாண்டினால் போதும் என்பதால், சிபிலிஸ் பயமும் வேண்டாம். இனி இந்த இரண்டுக்கும் ஊசி குத்திக்கொள்ளாதீர்கள்.

"அப்படியானால் இந்த அறிகுறிகள்?" என்று கேட்பீர்கள். அவை பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். எரிச்சலும் மதமதப்பும் நீங்கள் உண்மையிலேயே அனுபவிப்பவை. ஆனால் ஹெச்.ஐ.வி.யில் நாக்கு வெளுப்பதும் கால் மதமதப்பதும் பொதுவாகப் பல வருடங்கள் கழித்து, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பிறகு வருபவை. ஒல்லியான உடம்பில் இடுப்புக்குக் கீழே சின்ன நெறிக்கட்டி கைக்குத் தட்டுப்படுவது சகஜம். அதைத் தினமும் அழுத்திப் பார்த்தால் வலிக்கும். சீழ் வருகிறதா என்று ஆணுறுப்பைப் பிதுக்கிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா? உங்கள் நிலையில் பலரும் செய்வது இது. எரிச்சல் நீடிக்க அதுவே போதும். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் எடை குறையும். பதற்றத்தில் மூச்சு வேகமாக ஓடும்போது கை கால் மதமதக்கும்.

பயம்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்று வேலை பாக்கி இருக்கிறது. எரிச்சலுக்குக் கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு பால்வினைத் தொற்றுகளையும் பார்க்க ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. இவை வாய்வழி உறவிலும் தொற்றக்கூடியவை. கடையில் வாங்கிய மாத்திரை என்ன, எத்தனை நாள் என்று தெரியாமல் குணமாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மணி நேரமாவது அடக்கிவைத்து, முதலில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். அடுத்து மஞ்சள் காமாலை பி வகைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ் என்றால், முன்பே போடாதிருந்தால், மூன்று தவணைத் தடுப்பூசி. கடைசியாக, எடைக்கும் மதமதப்புக்கும் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகள். கோவை அரசு மருத்துவமனையிலேயே பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. உங்கள் விவரத்தை வீட்டுக்குச் சொல்வார்களோ என்று தயங்காதீர்கள். ஹெச்.ஐ.வி. விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. லாட்ஜில் அறை எடுத்து 'ரகசிய நோய்'க்கு மருந்து தருகிறவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். உங்கள் பயம்தான் அவர்களுக்கு முதலீடு.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், உங்களுக்கு உள்ள நோய் நோய்ப் பயம். இது மன பலவீனம் இல்லை, சிகிச்சையில் நன்றாகக் குணமாகும் பிரச்சினை. ஒவ்வொரு நெகட்டிவும் உங்களுக்கு எத்தனை நாள் நிம்மதி தந்தது என்று யோசித்துப் பாருங்கள். பத்து நாளா? அதற்குள் "ஒருவேளை லேப் தப்பாகச் சொல்லியிருந்தால்?" என்று மனம் ஆரம்பித்திருக்கும். அரிப்பைச் சொறிவது போலத்தான் இது. சொறியச் சொறிய அதிகமாகும். உங்கள் கடிதத்தில் பயத்தோடு குற்ற உணர்வும் தெரிகிறது. தண்டனை வந்தே தீரும் என்று நம்பும் மனது எந்த ரிப்போர்ட்டையும் ஏற்காது. அதனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற இலவச அரசு சேவை அது. அறிகுறி தேடுவதையும் கட்டியைத் தொட்டுப் பார்ப்பதையும் இன்றிலிருந்தே நிறுத்துங்கள். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நடந்ததை வருங்கால மனைவியிடம் சொல்வதா என்பது உங்கள் முடிவு. அவருடைய உடல்நலத்துக்கு, மேலே சொன்ன பரிசோதனைகளைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடுவதுதான் முக்கியம்.

மனநல மருத்துவரிடம் கல்யாணத் தேதியையும் சொல்லிவிடுங்கள். பதற்றத்துக்குத் தரும் சில மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு விந்து வெளியேறுவதைத் தாமதமாக்கும். முன்பே தெரிந்திருந்தால் அதையும் புதிய நோய் என்று எண்ணிப் பதற மாட்டீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.